காலடியில் இருக்கும் தண்ணீர்



மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வண்டியில் குடும்பத்தோடு பயணம் செய்யும் பழக்கம், நான் வசிக்கும் கால்கரி நகரில் நமக்குத் தெரிந்த சில குடும்பங்களிடையேயும் வந்துவிட்டது. காரணம் எளிது. வயது முதிர்ந்த பெற்றோருக்குக் கழிப்பறை எப்போதும் பத்தடி தூரத்தில் இருக்கும். ஹலாலான உணவைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. நம் அடுப்பில் நாமே சமைத்துக்கொள்ளலாம். வக்து வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, குழாயைத் திறந்து ஒளூ செய்து, தொழுதுவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். அல்ஹம்துலில்லாஹ், பெரும் வசதிதான்.

அந்த வசதி எங்கிருந்து வருகிறது என்பதை வண்டிக்குள் ஏறுவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவது சோபாவும் கட்டிலும் சமையல் மேடையும்தான். ஆனால் அந்தத் தரைக்குக் கீழே, சக்கரங்களுக்கு இடைப்பட்ட இடத்தில், வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகளோடு வரிசையாகப் பல அறைகள் உள்ளன. சாமான் வைக்கும் அறைகள் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். உண்மையில் அந்த வீட்டின் தண்ணீரும் எரிவாயுவும் மின்சாரமும் அங்கேதான் குடியிருக்கின்றன. குளிர் நாட்டில் இந்தக் கீழறைகளுக்கு வெப்பமும் காற்றும் எப்படிச் செல்கின்றன என்பதை அறியாமல் வண்டியை எடுப்பவர், மேலே கதகதப்பாக உறங்கிக்கொண்டே கீழே பெரும் இழப்பைச் சந்திக்கக்கூடும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் எங்கள் காக்கா. உடன்பிறந்தவர் அல்லர், எங்கள் காயல்பட்டின வழக்கப்படி மூத்தவர் என்ற உரிமையில் அப்படி அழைக்கிறோம். பல்லாண்டுகள் கனரக லாரிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். தம்முடைய பழைய மோட்டார்ஹோமைத் தேவைப்படும் குடும்பங்களுக்கு வாடகையின்றித் தருவார். ஆனால் சாவியைத் தருவதற்கு முன்பு ஒரு நிபந்தனை உண்டு. வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கீழறையையும் நம் கையாலேயே திறந்து, உள்ளே இருப்பது இன்னதென்று அவரிடம் சொல்ல வேண்டும். “அமானிதமா ஒரு பொருளை வாங்குறவன், அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சு வாங்கணும் தம்பி” என்பார்.

சென்ற ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், என் உம்மாவையும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு, வான்கூவரை அடுத்த சர்ரேயில் இருக்கும் என் ராத்தா வீட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தது. உம்மாவுக்கு நீண்ட நேரம் காரில் உட்கார இயலாது. ஆகவே காக்காவின் வண்டியைக் கேட்டேன். தருவதாக ஒப்புக்கொண்டவர், ஒரு சனிக்கிழமை முழுவதையும் எனக்காக ஒதுக்கினார். அன்று கற்றதை வாசகர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கீழறைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. வெப்பம் தேவைப்படும் அறை ஒன்று. வெளிக்காற்று தேவைப்படும் அறைகள் சில. இரண்டும் பெரிதாகத் தேவைப்படாத வெறும் சாமான் அறைகள் சில. இந்த மூன்றையும் பிரித்தறிவதே முதற்பாடம்.

வெப்பம் தேவைப்படுவது தண்ணீர் அறை. நல்ல தண்ணீர்த் தொட்டியின் குழாய், தண்ணீரை மேலே தள்ளும் சிறு பம்பு, வடிகட்டி, வெளியிலிருந்து தண்ணீர் இணைக்கும் வாய், கழிவுநீர்த் தொட்டிகளைத் திறந்து மூடும் அடைப்பான்கள் ஆகிய அனைத்தும் அங்கே இருக்கும். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. குழாய்க்குள் அடைபட்ட தண்ணீருக்கு விரிய இடமில்லை. வளையும் தன்மையுள்ள பிளாஸ்டிக் குழாய் ஓரளவு தாங்கிக்கொள்ளும். குழாய்களை இணைக்கும் மூட்டுகள், பம்பின் தலைப்பகுதி, வடிகட்டியின் கூடு ஆகியவை தாங்குவதில்லை. அவை வெடிக்கும். வெடித்தது உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. பனிக்கட்டியே விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். வெயில் ஏறி உருகிய பிறகுதான் அறை முழுவதும் தண்ணீர் பாயும்.

வெளிக்காற்று தேவைப்படுபவை எரிவாயு அறையும் பேட்டரி அறையும். புரோப்பேன் வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே எழும்பிப் போகாது. தாழ்ந்து தரையில் தேங்கும். ஆகவேதான் அந்த அறையின் அடிப்பகுதியில் துளைகள் விட்டிருக்கிறார்கள். சாதாரண ஈய அமிலப் பேட்டரியோ சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அது மிக இலேசானது, எளிதில் தீப்பற்றக்கூடியது; வெளியேற வழி வேண்டும். குளிர் உள்ளே வருகிறதே என்று எண்ணி இந்தத் துளைகளைத் துணியாலோ பஞ்சாலோ அடைப்பது உயிருக்கே உலை வைக்கும். புரோப்பேன் குளிருக்கு அஞ்சுவதும் இல்லை. அதன் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை செல்சியஸ். கால்கரியின் வழக்கமான குளிரில் அது தொட்டிக்குள் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்து, வெப்பம் எப்படிக் கீழே செல்கிறது? காக்காவின் வண்டியில் இருப்பது புரோப்பேன் ஃபர்னஸ். தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும், முதலில் விசிறி சுழலத் தொடங்கும். போதிய வேகத்தில் காற்று வீசுகிறதா என்பதைத் தகடு போன்ற ஒரு சிறு சுவிட்ச் உணர்ந்து பார்க்கும். காற்று போதுமான அளவு இருந்தால்தான் எரிவாயு திறந்து தீப்பொறி பற்றும். தீ எரிவது மூடிய உலோகக் கூட்டுக்குள். எரிவதற்கான காற்றை அது வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே தள்ளிவிடும். வீட்டுக்குள் இருக்கும் காற்று அந்தக் கூட்டின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடாகி, காற்றுக்குழாய்கள் வழியாக அறைகளுக்குப் போகும். புகையும் நாம் சுவாசிக்கும் காற்றும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

அந்தக் காற்றுக்குழாய்களில் ஒன்று, 2 அங்குல விட்டமுள்ளது, தரையைத் துளைத்துக் கீழே தண்ணீர் அறைக்குள் இறங்குகிறது. தண்ணீர் அறைக்கு வெப்பம் தரும் வழி அந்த ஒன்றுதான். காக்கா என்னைக் குனிந்து அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மெல்லிய, வளையக்கூடிய குழாய். பக்கத்து அறையில் மடக்கு நாற்காலிகளை நெருக்கித் திணித்தால் நசுங்கிவிடும். நசுங்கினால் கீழே வெப்பம் போகாது. மேலே இருப்பவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. இன்னொன்றையும் காட்டினார். சூடான காற்று ஓர் அறைக்குள் நுழைய வேண்டுமானால், அங்கிருக்கும் குளிர்ந்த காற்று வெளியேறவும் வழி இருக்க வேண்டும். தண்ணீர் அறையின் மேல்மூலையில் ஒரு கையளவு திறப்பு விட்டிருக்கிறார்கள். காற்று அதன் வழியாக மேலேறி மீண்டும் ஃபர்னஸுக்குத் திரும்புகிறது. அந்தத் திறப்பின் முன்னால் எதையும் அடுக்கக் கூடாது.

இப்போது ஒரு கேள்வி எழும். முகாமில் மின் இணைப்பு இருக்கிறது. அதற்குக் கட்டணமும் செலுத்திவிட்டோம். எரிவாயுவை ஏன் எரிக்க வேண்டும்? சிறிய மின் ஹீட்டர் ஒன்றை வைத்தால் போதாதா?

கணக்கைப் பார்ப்போம். 1,500 வாட் மின் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் தருவது ஏறத்தாழ 5,100 பிடியு வெப்பம். காக்காவின் ஃபர்னஸ் 30,000 பிடியு, ஆறு மடங்கு. வண்டியின் மின் இணைப்பு 30 ஆம்பியர், 120 வோல்ட். மொத்தம் 3,600 வாட். இரண்டு மின் ஹீட்டர்களைப் போட்டுவிட்டுத் தேநீருக்கு மின் கெண்டியையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். கூரையில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டி சில வண்டிகளில் ஹீட் பம்பாகத் திரும்பி ஓடி வெப்பம் தரும் என்பது உண்மை. ஆனால் வெளியே ஏறத்தாழ 4 பாகைக்குக் கீழே போனால் அந்த வகை ஹீட் பம்பு பயன்தராது.

இந்தக் கணக்கைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. மேலே மின் ஹீட்டர் போட்டு அறை சூடாகிவிட்டால், தெர்மோஸ்டாட் நிறைவடைந்துவிடும். ஃபர்னஸை அது எழுப்பாது. ஃபர்னஸ் எழாவிட்டால் அந்த 2 அங்குலக் குழாயில் காற்று ஓடாது. மேலே 22 பாகைக் கதகதப்பு. கீழே தண்ணீர் அறை வெளிக்குளிரோடு தனித்து விடப்பட்டிருக்கும். காக்கா இதைத் தம் பாணியில் சொன்னார்: “தெர்மோஸ்டாட் மேல இருக்கறவங்களுக்குக் குளிருதான்னுதான் கேக்கும் தம்பி. கீழ இருக்கற தண்ணியைக் கேக்காது. அதை நீதான் கேக்கணும்.”

அதைக் கேட்பதற்காக ஒரு சிறு கருவியையும் வைத்திருந்தார். கம்பியில்லா வெப்பமானி. உணரும் பகுதி தண்ணீர் அறைக்குள். எண் காட்டும் பகுதி ஓட்டுநர் இருக்கைக்கு அருகே. விலை சொற்பம். அந்த வண்டியில் மிகுந்த பயன் தந்த பொருள் எதுவென்று என்னைக் கேட்டால், தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

முதல் இரவு பான்ஃப் நகரை அடுத்த ஒரு முகாமில் தங்கினோம். அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பருவம் முடிந்துவிட்டதால் முகாமின் இடந்தோறும் இருந்த தண்ணீர்க் குழாய்களை மூடிவிட்டார்கள். மின் இணைப்பு மட்டும் உண்டு. தொட்டியில் நாங்கள் கொண்டுவந்த தண்ணீரே எங்களுக்கு எல்லாம்: குடிக்க, சமைக்க, பிள்ளைகளைக் கழுவ, ஒளூ செய்ய. இரவு 9 மணிக்கு வெளியே பூச்சியத்துக்குக் கீழே 6 பாகை. தண்ணீர் அறையில் 11.

பத்தரை மணியளவில் உம்மா என்னை அழைத்தார்கள். பின்பக்கக் கட்டிலில்தான் அவர்களைப் படுக்க வைத்திருந்தோம். ஃபர்னஸ் இருப்பது அந்தக் கட்டிலின் கால்மாட்டில். விசிறி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மூச்சிரைப்பது போன்ற பேரிரைச்சல்.

“வாப்பா, இந்த இரைச்சல்ல கண்ணசர முடியல. அதைக் கொஞ்சம் நிப்பாட்டக் கூடாதா? அந்தச் சின்ன ஹீட்டரே எனக்குப் போதும்” என்றார்கள்.

உம்மாவின் வயது 78. பகல் முழுவதும் பயணக் களைப்பு. அவர்கள் கேட்பது நியாயம். மறுப்பதற்கு நா எழவில்லை. அதே வேளையில் அந்த வண்டி எனக்குச் சொந்தமானதும் அன்று. வெளியே குளிர் இறங்கிக்கொண்டிருக்கிறது. மறுநாள் மலைப்பாதையில் 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கும் கிக்கிங் ஹார்ஸ் கணவாயைக் கடக்க வேண்டும். அங்கே குழாய் வெடித்தால் யாரைத் தேடுவேன்?

“சரி உம்மா, அரை மணி நேரம் நிப்பாட்டிப் பாப்போம். நீங்களும் இந்த எண்ணைப் பாத்துக்கிட்டே இருங்க” என்று வெப்பமானியைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தேன். ஃபர்னஸை நிறுத்தினேன். மின் ஹீட்டரைப் போட்டேன். வண்டி அமைதியானது. உம்மா கண்ணாடியை அணிந்துகொண்டு எண்ணைப் பார்த்தார்கள். 11 என்பது 10 ஆயிற்று, பிறகு 9, அரை மணி நேரத்தில் 7. மேலே எங்களுக்கு எந்தக் குளிரும் தெரியவில்லை.

“இது எங்க உள்ள குளிரு?” என்று கேட்டார்கள்.

“நமக்குக் கீழ உம்மா. ஃபஜ்ருக்கு நீங்க ஒளூ செய்யப் போற தண்ணி அங்கதான் இருக்கு.”

சற்று நேரம் பேசாமல் இருந்தவர்கள், “அப்ப போடு வாப்பா. போட்டுட்டு என்னை முன்னால மாத்திடு” என்றார்கள்.

வழியை அவர்களே சொல்லிவிட்டார்கள். முன்பக்கச் சோபாவை விரித்து, உம்மாவை அங்கே படுக்க வைத்தோம். என் மனைவியும் இளைய மகளும் பின்பக்கம் போனார்கள். பிள்ளைகளுக்கு எந்த இரைச்சலும் பொருட்டல்ல. மின் ஹீட்டரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். தெர்மோஸ்டாட்டை 18 பாகையில் வைத்தேன். உம்மாவுக்குக் கூடுதலாக ஒரு கம்பளம். அதற்குமேல் விசிறி தன் போக்கில் எழுந்தது, அடங்கியது, மீண்டும் எழுந்தது.

எரிவாயு தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். ஒரு அமெரிக்கக் காலன் புரோப்பேனில் ஏறத்தாழ 91,500 பிடியு வெப்பம் இருக்கிறது. 30,000 பிடியு ஃபர்னஸ் ஓயாமல் எரிந்தால் ஒரு காலன் மூன்று மணி நேரம் வரும். ஆனால் அது ஓயாமல் எரிவதில்லை; எரிந்தும் அணைந்தும் ஓடும்போது செலவு அதற்கேற்பக் குறையும். வண்டியின் தொட்டி நிறைந்திருந்தது. சிக்கனம் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு பல உண்டு; அந்த இரவு அவற்றுள் ஒன்றன்று.

ஃபஜ்ருக்கு எழுந்தபோது வெளியே பூச்சியத்துக்குக் கீழே 14 பாகை. தண்ணீர் அறையில் 8. உம்மா குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒளூ செய்துவிட்டு, அவர்கள் கேட்ட துஆவில் காக்காவின் பெயரும் இருந்தது.

விடிந்ததும் பக்கத்து இடத்தில் நின்றிருந்த வண்டிக்காரர் எங்கள் கதவைத் தட்டினார். சஸ்காட்செவன் மாகாணத்திலிருந்து மனைவியோடு வந்த முதியவர். அவருடைய வண்டி எங்களுடையதைவிடப் புதியது, பெரியது. கணப்பு அடுப்பைப் போலத் தோற்றமளிக்கும் அலங்கார மின் ஹீட்டர் ஒன்று அதில் உண்டு. இரவு முழுவதும் அதை மட்டும் போட்டு உறங்கியிருக்கிறார்கள். உள்ளே நல்ல கதகதப்பு. காலையில் குழாயைத் திறந்தால் பம்பு ஓடும் ஓசை மட்டும் கேட்கிறது. ஒரு துளியும் வரவில்லை. காக்கா சொன்ன அதே கணக்கு.

அவர் எங்களிடம் கேட்க வந்தது கொஞ்சம் தண்ணீர். இரண்டு கேன்களில் நிரப்பிக் கொடுத்தோம். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது எனக்குத் திகிலூட்டியது. முகாமில் சமைக்கும் சிறு எரிவாயு அடுப்பைக் கொளுத்தித் தண்ணீர் அறைக்குள் வைத்து, கதவைப் பாதி மூடிவிடப் போவதாகச் சொன்னார். மனைவி மேலே கட்டிலில் இருக்கிறார்.

நான் அவரைத் தடுத்தேன். காரணத்தை இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஏனெனில் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கீழறைக்கும் மேலே நாம் உறங்கும் இடத்துக்கும் நடுவே இருப்பது முழுமையான சுவரன்று. குழாய்களும் கம்பிகளும் ஏறிச் செல்லும் துளைகள் அங்கே பல உண்டு. சூடான காற்று கீழே இறங்க விட்டிருக்கும் வழியே, நச்சுக்காற்று மேலே ஏறவும் வழியாகும். அடைத்த இடத்தில் எரியும் தீ கார்பன் மோனாக்சைடு வாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. புரோப்பேனுக்காவது கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றம் கலந்திருக்கிறார்கள். இதற்கு அதுவும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம். உறங்குபவர் இவற்றைக்கூட உணராமலே போய்விடலாம். ஆகவே அடுப்போ கரித்தணலோ மண்ணெண்ணெய் விளக்கோ, தீ எரியும் எதையும் கீழறைக்குள் வைக்கக் கூடாது. வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். அதன் பொத்தானை அழுத்திப் பயணத்துக்கு முன்பு சோதிக்க வேண்டும். கருவியின் மேல் அச்சிட்ட காலாவதி ஆண்டையும் பார்க்க வேண்டும்.

அவருக்கு மாற்று வழி ஒன்று இருந்தது. என் மனைவியின் தலைமுடி உலர்த்தும் மின் கருவியைக் கொடுத்தோம். பம்பை நிறுத்தி, மேலே குழாய்களைத் திறந்து வைத்து, உருகும் தண்ணீருக்குப் போக்கிடம் உண்டாக்கிய பிறகு, குழாயின் திறந்த முனைப் பக்கத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்லச் சூடேற்றினோம். அதோடு அவருடைய ஃபர்னஸையும் ஓடவிட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் அசைந்தது. கூடவே வடிகட்டியின் கூட்டில் விழுந்திருந்த விரிசலும் வெளிப்பட்டது. வடிகட்டியைக் கழற்றி, அந்தக் குழாயின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்துக்கொண்டார். அவருடைய மனைவி என் பிள்ளைகளுக்கு ஆப்பிள்களைக் கொடுத்து அனுப்பினார்.

எல்லா வண்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. விலையுயர்ந்த டீசல் வண்டிகள் சிலவற்றில் அக்வா-ஹாட் போன்ற கொதிகலன் அமைப்பு கீழறையிலேயே இருக்கும். டீசலை எரித்து, உறையாத் திரவம் கலந்த நீரைச் சூடாக்கி, அதைக் குழாய்களில் சுற்றவிடுவார்கள். ஒவ்வொரு பகுதியிலும் சிறு விசிறியோடு ஒரு வெப்பமாற்றி இருக்கும். கீழறைக்கென்று தனி வெப்பமாற்றி இருப்பது இந்த அமைப்பின் சிறப்பு. மேலே இருப்பவரின் தெர்மோஸ்டாட்டை நம்பித் தண்ணீர் அறை காத்திருக்க வேண்டியதில்லை. வண்டி ஓடும்போது எஞ்சினின் வெப்பத்தையும் அது பயன்படுத்திக்கொள்ளும். வேறு சில வண்டிகளில் தொட்டியின் அடியில் ஒட்டிய மின் வெப்பத் தகடுகள் இருக்கும். அவை தொட்டியைக் காக்கும். பம்பையும் குழாய் மூட்டுகளையும் காக்காது. பழைய வின்னபேகோ வண்டிகள் சிலவற்றில் குளிர்சாதனப் பெட்டியே கூரையில் இல்லாமல் பின்பக்கக் கீழறையில் அமைந்திருக்கும். அதன் முன்னுள்ள சல்லடைக் கதவுக்கு எதிரே சாமான் அடுக்கினால் கோடையில் அது மூச்சுத் திணறும்.

பேட்டரி பற்றியும் ஒரு சொல். இப்போது பலரும் லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியைப் பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் அதன் உட்பகுதி நிரந்தரமாகப் பழுதடையும். ஆகவே அதற்கு வெதுவெதுப்பான இடம் வேண்டும். ஈய அமிலப் பேட்டரிக்கோ வெளிக்காற்று வேண்டும். பேட்டரி வகையை மாற்றுபவர் அதன் அறையையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதை விற்பவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

பயணம் முடிந்து நவம்பர் முதல் வாரத்தில் கால்கரி திரும்பினோம். வண்டியை ஒப்படைக்கும் முன்பு, குளிர்கால உறக்கத்துக்கு அதை ஆயத்தம் செய்ய காக்காவோடு நானும் நின்றேன். இங்கே வெப்பத்துக்குப் பதிலாகக் காற்று வேலை செய்கிறது. தொட்டிகளையும் வெந்நீர்க் கலத்தையும் முதலில் வடித்தோம். பிறகு வெளியிலிருந்து தண்ணீர் இணைக்கும் வாயில் காற்றழுத்தியின் குழாயைப் பொருத்தி, சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்துக்கு மிகாமல் காற்றைச் செலுத்தினோம். அதற்கு மேல் போனால் குளிர் செய்யாத சேதத்தைக் காற்று செய்துவிடும். சமையலறை, குளியலறை, கழிப்பறை என்று ஒவ்வொரு குழாயையும் வெந்நீர்ப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் திறந்து, வெறும் காற்று மட்டும் வரும்வரை காத்திருந்தோம். கடைசியாக, இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் உறையாத் திரவத்தைப் பம்பிலும் கழிவுநீர் வளைவுகளிலும் விட்டோம். அது குடிநீர்க் குழாய்களுக்கென்றே செய்த புரோப்பிலீன் கிளைக்கால். எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கடும் நஞ்சு. அதை ஒருபோதும் குடிநீர்க் குழாயில் விடக் கூடாது.

வண்டியை இரவல் வாங்கவோ சொந்தமாக வாங்கவோ எண்ணும் சகோதரர்களிடம் ஐந்து கேள்விகளை விட்டுச் செல்கிறேன். தண்ணீர் அறை எது? அதற்கு வெப்பம் வரும் குழாய் எங்கே, அது நசுங்காமல் இருக்கிறதா? எந்த அறைகளின் துளைகளை அடைக்கக் கூடாது? கீழே எத்தனை பாகை என்பதை மேலிருந்து எப்படி அறிவேன்? நச்சுக்காற்றை எச்சரிக்கும் கருவி வேலை செய்கிறதா? இந்த ஐந்துக்கும் விடை தெரிந்தவர் இன்ஷா அல்லாஹ் நிம்மதியாக உறங்கலாம்.

காக்காவின் வண்டியில், வெப்பமானிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்குகிறது. வண்டியை எடுப்பவர்கள் தாங்கள் தங்கிய இடத்தையும், வெளிக்குளிரையும், தண்ணீர் அறையின் மிகக் குறைந்த அளவையும் அதில் எழுதிவைக்க வேண்டும். அடுத்து எடுப்பவருக்கு அது உதவும். பான்ஃப், வெளியே மைனஸ் 14, உள்ளே 8 என்று நான் எழுதினேன். உம்மா அதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். பிறகு, “பெரியவங்களை முன்னால படுக்க வைக்கணும்னும் எழுது” என்றார்கள். அதையும் எழுதினேன்.